உச்சி தாண்டிய இறக்கை

மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது சார். அதனால்தான் செல்லதுரை வரைந்த படங்களைக் கடை மச்சின் சன்னலில் வைத்தோம். சந்துக்கு அந்தப்புறம் என் வீட்டு அடுக்களைச் சன்னல் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என்னுடையது பழம்பொருள் கடை. எழுபத்தெட்டில் நாகர்கோவிலிலிருந்து வந்தவன் செல்லதுரை. பழைய தேக்குப் பலகையில் ஆலந்து நாட்டுக் காற்றாலை வரைவான். டச்சுக்காரர் விட்டுப்போனது என்று விற்போம். கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன். ஒரு வெள்ளைக்காரர் அவனிடம் சொன்னாராம்: அந்த ஊரில் காற்றாலையை நிறுத்தும் விதத்திலேயே அக்கம்பக்கத்துக்குச் சேதி போய்விடும். மேலேறும் இறக்கை உச்சியைத் தொடுமுன் நின்றால் நல்ல காரியம். உச்சியைத் தாண்டி நின்றால் சாவு.

அன்று சாயா குடித்துக்கொண்டே ரசித்துக் கேட்டேன். பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். நான் எர்ணாகுளத்துக்குப் போட் ஏறும் நாளெல்லாம் சன்னலில் நல்ல சேதி. நான் கடையில் இருக்கும் நாளிலும் அதேதான். எனக்குச் சந்தேகம் வராமலிருக்க அப்படிச் செய்தான் என்று நினைக்கிறேன். என் மனைவி ஆவுடையம்மாள் அடுக்களையில் நின்று அந்தப் பக்கமே பார்ப்பாள்.

"ஏன்டே, ஒண்ணையாவது மாத்தி வரையக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சாவு சொல்லுற துட்டிப் படத்தை எவன் வாங்குவான் மொதலாளி?" என்று சிரித்தான். பதிலைத் தயாராக வைத்திருந்தான், பாருங்கள்.

பாலக்காடு போவதாகச் சொல்லிவிட்டுப் படகுத்துறையிலிருந்தே திரும்பி வந்தேன். சன்னலில் படம் இருந்தது. அவள் தலையில் பூ இருந்தது. வெள்ளிக்கிழமைதான், இருந்தாலும் எனக்கு அது போதும்.

ஈரப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் மச்சிலிருந்து இறங்குவான். ஏணியைப் பிடிக்கக் கை இருக்காது. மேல்படியின் ஆணிகளைக் கழற்றிவிட்டு, கீழே நின்று கூப்பிட்டேன். விழும்போதுகூடப் படத்தை விடவில்லை, அவ்வளவு தொழில் பக்தி. கருங்கல் தரை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. அது நிற்கும்வரை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் இறக்கைகளைத் துடைத்து, உச்சி தாண்டினதாக நானே வரைந்து சன்னலில் வைத்தேன். அவளுக்கும் தெரிய வேண்டாமா? வீட்டுக்குப் போய், அதைப் பார் என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எந்தாணு? மேசை ஃபேனா?" என்று கேட்டாள்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை சார். அந்த அளவுக்கு அவளைப் பழக்கி வைத்திருந்தான்.