பரங்கிப்பூ பஜ்ஜி

பரங்கிப்பூவைப் பறித்த அரை மணி நேரத்துக்குள் மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டுவிட வேண்டும், அம்மா. தாமதித்தால் இதழ் துவண்டு, பஜ்ஜி எண்ணெய் குடித்துவிடும். கடலை மாவோடு கொஞ்சம் சாமை மாவு சேர்த்தால் மொறுமொறுப்பு நிற்கும். இந்த வெயில் காலத்தில் எங்கள் வீட்டில் தினமும் இந்தப் பஜ்ஜிதான். பக்கத்து வீட்டு நிவேதா மட்டும் நின்ற இடத்திலேயே எட்டு தின்பாள்.

நீங்கள் கேட்டதும் நிவேதாவைப் பற்றித்தான். மாமியார் ராணியம்மாளும் புருஷன் விஜயராஜும் அவளைக் கொடுமைப்படுத்தினார்களா, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்ததை ஸ்டேஷனுக்கு எழுதித் தர வேண்டும் என்றீர்கள். என் பெயர் கலைவாணி, வயது நாற்பத்தெட்டு. ஜமுனாமரத்தூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே எங்கள் ஊர். பன்னிரண்டாவது படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும். தோட்டத்திலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் விதைப்பு என்றால் முதல் விதையைக் கைராசிக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். ஒன்பது வருடமாக அந்தக் கைராசிக்காரி நான்தான். மஞ்சள் பூசிக் குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு, அடுத்தவர் நிலத்தில் முதல் ஆளாகக் கால் வைப்பேன். ஆண்கள் எல்லாம் வரப்பில் ஒதுங்கி நிற்பார்கள். நான் விதையைப் போட்டு நிமிர்ந்த பிறகுதான் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் படாது. ஒரு தடவை வழியில் தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட மறந்துவிட்டேன்.

இந்த ராசி என் வீட்டுப் பரங்கிக்கொடியால் வந்தது. ராசியாவது ஒன்றாவது. பத்து வருடத்துக்கு முன் மகளிர் குழுவுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். மற்றவர்கள் வடைக்கு வந்தார்கள், நான் பாடத்தைக் கேட்டேன். பரங்கியில் ஆண் பூ, பெண் பூ என்று இரண்டு உண்டு. ஆண் பூவுக்கு நீளக் காம்பு, நடுவில் மஞ்சள் பொடி. பெண் பூவுக்கு அடியிலேயே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு. அந்தப் பொடி இந்தப் பூவில் பட்டால்தான் பிஞ்சு காயாகும், படாவிட்டால் ஐந்தாம் நாள் மஞ்சளாகி விழுந்துவிடும். பூ விடியலில் விரிந்து பத்து மணிக்கெல்லாம் சுருங்கிவிடும். நான் தினமும் விடியலில் எழுந்து ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிடுவேன். வண்டுக்கு வேலையே வைக்கவில்லை. கொடிக்குப் பதினைந்து காய். யாரிடமும் சொல்லவில்லை, கேட்டால் சாமி புண்ணியம் என்பேன்.

விஜயராஜ் கண்ணமங்கலத்தில் மொபைல் கடையில் வேலை பார்த்தபோது நிவேதாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். மலைக்குக் கீழே பிறந்த கீழ்நாட்டுப் பெண், களைக்கொத்து பிடிக்கத் தெரியாது. போன வருடம் மாசியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஐந்து பரங்கி விதையை விளையாட்டுப்போல் ஊன்றினாள். வெயில் ஏற ஏறக் கொடி வேலி ஏறி, கூரை ஏறி, மாட்டுக்கொட்டகையை மூடிவிட்டது. தொண்ணூற்று மூன்று காய். ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறியபோது கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டாராம். நானும் சிரித்தேன், நிஜமாகவே வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் ஒரு பூவையும் தொட்டதில்லை, அம்மா. அதுவாகவே காய்த்தது.

அந்த ஆடியில் பழனி வீட்டில் சாமை விதைப்புக்கு நிவேதாவைக் கூப்பிட்டார்கள். நான் குளித்து, பூ வைத்து, வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். அவளை அழைத்துக்கொண்டு என் வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். "நீங்களும் வாங்கக்கா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல பெண். எனக்கு அவள்மேல் கோபமே கிடையாது.

மார்கழியில் அவளுக்கு மூன்றாம் மாதக் கரு கலைந்தது. ராணியம்மாள் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "மண்ணுல அத்தினி காய் நிக்குது, வயித்துல நிக்காமயா போய்டும்? அழுவாத" என்று வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். கொடுமைக்காரியா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

இந்த வருடமும் மாசியில் அவள் விதை போட்டாள். பங்குனிக் கடைசியில் பூக்க ஆரம்பித்தது. முதல் நாள் சும்மா ஒரு ஆசைக்குத்தான் வேலி தாண்டினேன். அவர்கள் வீட்டில் ஆறரைக்குத்தான் கதவு திறக்கும், நான் ஐந்தரைக்கே போய்விட்டேன். எனக்குச் சின்னப் பெண்ணாகிவிட்டது போல இருந்தது. பனி ஈரத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இலைக்கு இலை விலக்கி, நீளக் காம்பாகப் பார்த்து ஒடித்தேன். மடி நிறையப் பதினான்கு பூ. சிரிப்பு வந்துவிடுமோ என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன். பெண் பூ ஒன்றையும் தொட்டதில்லை, அது பாவம். என் தோட்டத்து ஆண் பூவையும், என் வேலையை முடித்ததும் பறித்துவிடுவேன், வண்டு அந்தப் பக்கம் பொடி கொண்டுபோய்விடக் கூடாதல்லவா. அடுத்த வீடு இரண்டு வயல் தள்ளி, அங்கே பரங்கியே கிடையாது. மொத்தப் பூவும் ஏழு மணிக்குள் பஜ்ஜியாகிவிடும்.

ஏழு மணிக்கு நிவேதா வேலியோரம் வருவாள். சூடாக ஒரு தட்டு கொடுப்பேன்.

"இன்னாக்கா போடுறீங்க இதுல? எங்க வூட்டுப் பூவுல செஞ்சா இப்டி வருமா?"

"உங்க வூட்டுப் பூவும் இதே பூதான்" என்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

நாற்பது நாள் இப்படி ஓடியது. என் வாழ்க்கையில் இவ்வளவு உற்சாகமான வெயில் காலம் வந்ததில்லை. அவள் கொடியில் பிஞ்சு வரும், ஐந்தாம் நாள் மஞ்சளாகி விழும். ராணியம்மாள் விழுந்ததைப் பொறுக்கி மாட்டுக்குப் போடுவாள். முதலில் வெயில் என்றாள், பிறகு எறும்பு என்றாள், பிறகு மருமகளின் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். ஊறுகாய் ஜாடியைத் தொடவேண்டாம் என்றாள். பழனி வீட்டுக்காரர்கள் இந்த வருட விதைப்புக்கு என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன், நிவேதாவுக்கும் கொடுத்தேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு மதியம் அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நாள் தள்ளிப்போயி அம்பது நாளாவுது. யாருக்கும் சொல்லல. அவருக்குக்கூட தெரியாது."

"சொல்றதுக்கு இன்னா?"

"பயமா கீதுக்கா. எது தொட்டாலும் விழுது. கொடியில ஒரே ஒரு காய் நின்னுச்சுன்னா அன்னிக்கே சொல்லிடுவேன்."

ஒரு காய் நின்றிருந்தது, அம்மா. வேலியில் ஏறி என் பக்கம் தொங்கிய கிளையில், இலைக்கு அடியில், சின்னக் குடம் அளவுக்கு. ஏதோ ஒரு நாள் ஒரு பூ என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு அடி. கையால் இலையை விலக்கினால் போதும். நான் அவளுக்கு மோர் கொடுத்து, வெயிலில் அலையாதே என்று சொல்லி அனுப்பினேன். பிறகு அந்தக் காய்மேல் ஒரு கோணியைப் போட்டேன். மறுநாள் காலையும் போனேன். அன்றைக்கு ஏழு பூ.

வைகாசியில் ராணியம்மாள் அவளிடம், "சாமை விதைப்பு முடியட்டும், அதுவரைக்கும் அம்மா வூட்ல இருந்துட்டு வா" என்றாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. விஜயராஜ் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அதன் பதினோராம் நாள் கண்ணமங்கலத்தில் அவளாகவே மாத்திரை வாங்கி விழுங்கிக் கருவைக் கலைத்துக்கொண்டாள். எப்படியும் நிற்காது, விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தன் அம்மாவிடம் சொன்னாளாம். ரத்தப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும், பிழைத்துக்கொண்டதையும், இனிப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொன்னதையும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

ராணியம்மாள்தான் அந்தப் பெண்ணின் மனதை உடைத்தாள் என்று இப்போது ஊரே பேசுகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவளுக்கு ஆண் பூ எது, பெண் பூ எது என்றுகூடத் தெரியாது. நாற்பது நாள், ஒரு நாள் விடாமல், பனியில் எழுந்து போனவள் நான். மாமியாரையும் மகனையும் விட்டுவிடுங்கள். செய்தது நான், நான் மட்டும்தான்.

கோணிக்கு அடியில் இருந்த காயை அவள் பஸ் ஏறிய மறுநாள் அறுத்தேன். ஆறு கிலோ. அப்படி ஒரு தித்திப்பு, ராணியம்மாளே இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள். விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, நிவேதாவுக்கென்று தனியாக முடிந்து வைத்திருக்கிறேன். அவள் உடம்பு தேறி வந்ததும் முதல் விதையை நானே ஊன்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். பயப்படவேண்டாம் என்றும் சொல்லுங்கள். என் கை பட்டு இதுவரை எதுவும் வீணானதில்லை.