பிரிக்கலாமா தாயி

ரொம்ப காலத்துக்கு முந்தி, மலையடிவாரத்துல குமிழம்பட்டி, இந்தா நம்ம ஊருதான், மரிக்கொழுந்தத் தவிர வேற வெள்ளாமையே தெரியாத ஊரா இருந்துச்சாம். கொழுந்த அறுக்கணும், செப்புப் பானையில அவிக்கணும், தைலம் எறக்கணும். அதுதான் பொழப்பு. ஊருக்கு நாட்டாமை வீரணன் அம்பலம். அவரு மருமக ஓச்சாயி. எங்க பாட்டனுக்குப் பாட்டி.

மரிக்கொழுந்து வெதயப் பாத்திருக்கீகளா? மூக்குப்பொடி தோத்துச்சு, அம்புட்டுப் பொடுசு. மூச்சு விட்டாப் பறந்துரும். அத மணலோட கலந்து, காஞ்சபடியேதான் தூவணும், ஈரம் பட்டா அம்மன் குத்தம்னு ஊருல ஒரு கட்டு. எவன் போட்ட கட்டோ, அவன் கையில கெடச்சா நறுக்குன்னு நாலு கேள்வி கேப்பேன்.

அந்த வருசம் தூவுனாங்களாம். மறுநாளே மழ அடிச்சுக் கரைச்சுக்கிட்டுப் போயிருச்சு. திரும்பத் தூவுனாங்களாம். பனியில மொளைக்காமக் கெடந்து, எறும்பு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அம்பலம் வீட்டுக் கலயத்துல ஒரு பிடி வெததான் மிச்சம். அதுவும் போனா, ஊரே மூட்ட கட்ட வேண்டியதுதான்.

ஓச்சாயி ஒண்ணு பாத்திருந்தா. வெத பொடைக்கயில சேல மடிப்புல ஒட்டுனது, வேர்வையில நனஞ்சு, ஒடம்புச் சூட்டுல மொள விட்டிருந்துச்சாம். மாமனாருகிட்டப் போயிச் சொன்னா. "போத்தா, வேலயப் பாரு"ன்னுட்டாரு. அவ என்ன செஞ்சா? கலயத்தத் தொறந்தா. வெதயத் துணியில முடிஞ்சா. எளநியில நனச்சா. புருசனுக்கும் தெரியாம மடியில கட்டிக்கிட்டா.

வெதப்பு நாளு வந்துச்சு. காலையில அம்பலம் கலயத்தத் தொறக்குறாரு. வெறுங்கலயம்! "எவன்டா எடுத்தவன்?" ஊரக் கோயில் வாசலுக்குக் கூட்டிட்டாரு. "ஒவ்வொருத்தரா சூடத்த அணச்சு சத்தியம் பண்ணுங்க. எடுத்தது எவனா இருந்தாலும் ஊர விட்டுப் போயிரணும்!"

ஒவ்வொருத்தரா அணைக்கிறாங்க. ஓச்சாயி புருசன் பெருமாயன் அணச்சான். அடுத்தது அவ. கைய நீட்டுனா. இழுத்துக்கிட்டா.

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் மாமா. வெத என் மடியில இருக்கு."

அம்பலம் அவ முன்னால வந்து நின்னாரு.

"முடிச்சப் பிரிடி!"

"இப்பப் பிரிச்சா, காத்துப் பட்டு மொள செத்துரும் மாமா. பொழுது சாயட்டும்."

"அடிப்பாவி, ஈரம் பண்ணிட்டியா? பிரிடிங்குறேன்!"

"மாட்டேன்."

கோயில் முன்னால ஒரு கல்லு. அதுல போயி உக்காந்து, மடிய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டாளாம். இழுக்க வந்த பொம்பளைகள, "தொட்டீக, கடிச்சு வச்சுருவேன்"னாளாம். வெயிலு ஏறுது. காத்து அடிக்குது. "முடிச்சு காயுது, கொஞ்சம் தண்ணி குடுங்க"ங்குறா. ஒருத்தரும் அசையல. அப்பன் மொறைக்க மொறைக்க, பெருமாயன்தான் செம்புல கொண்டாந்தான். அவ ஒரு வாய் குடிக்கல. அம்புட்டையும் மடியில ஊத்திக்கிட்டா.

அம்பலம் எதுக்கவே நிக்கிறாரு. "மொளைக்கலேன்னா?"

"நானே போயிருவேன் மாமா. ஒங்க மகன ஒண்ணும் சொல்லாதீக."

பொழுது சாஞ்சுச்சு. அவளே பிரிச்சா. ஊரே எட்டிப் பாக்குது. கருப்பா ஈரப்பொடி. "செத்துப்போச்சுப்பா"ன்னு எவனோ சொல்றான். அம்பலம் வெரல விட்டுத் தூக்குனாரு. வெரல் நுனியில வெள்ள வெள்ளயா, எறும்பு முட்டையவிடப் பொடுசா, ஒட்டிக்கிட்டிருக்கு மொள! கைய ஆட்டுனா உதுந்துருமோன்னு, கண்ணுல வடியுற தண்ணியக்கூடத் தொடைக்காம நின்னாராம் மனுசன். அவ வயித்துத் தோலு ஊறி உரிஞ்சு போயிருந்துச்சாம்.

இருட்டுறதுக்குள்ள மணலோட கலந்து தூவிட்டாங்க. எறும்பு தேடுறதுக்கு முந்தி வேரு புடிச்சுருச்சு. அந்த வருசக் கொழுந்து இடுப்பொசரமாம், தைலம் எந்த வருசத்தவிடவும் கூடவாம். ஒரு பிடி வெதையில அம்புட்டான்னு கேக்காதீக. சின்னப்புள்ளையில நான் கேட்டு அடி வாங்கியிருக்கேன்.

கோயில் வாசல்ல கெடக்குதே மடிக்கல்லு, அது அவ உக்காந்த கல்லுதான். இன்னைக்கும் வெத நனச்சா, வீட்டுக்கு வந்த மருமகதான் முடிச்ச மடியில கட்டுவா. வெதப்பன்னைக்குப் பொழுது சாயயில அவ கல்லுல உக்காருவா. மாமனாரு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு எதுக்க நின்னு கேக்கணும்: "பிரிக்கலாமா தாயி?" அவ தலையாட்டுற வரைக்கும், அம்பலமா இருந்தாலும் நிக்கத்தான் வேணும்.

போன வருசம் என் மருமக என்னய ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டா. நின்னேன்.