முப்பத்திரண்டு கட்டம் சும்மா

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, அங்கே உட்கார்ந்தால் காதுக்கு எட்டாது. ஓர் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொண்ட கதையைச் சொல்லப் போகிறேன். பெரிய வாத்தியக் குழுவில் கடைசி வரிசை அவர்களுடையது. அண்ணிக்குப் பெரிய முரசு, நாத்தனாருக்குப் பெரிய ஜால்ரா போன்ற வெண்கலத் தட்டு. மேடையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேளுங்கள்.

— …அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி, இசைத் தாளைக் காட்டுங்க. எத்தனை கட்டம் வாசிக்காம இருக்கணும்னு போட்டிருக்கு?

— தடிச்ச கோட்டுக்கு மேல பதினெட்டு. அப்புறம் ஒரு சின்னக் கட்டம். மறுபடி கோடு, அதுல பதிமூணு. ஆக மொத்தம் முப்பத்திரண்டு கட்டம் சும்மா இரு, அப்புறம் ஒரே ஒரு அடி. இதுக்கா தினமும் பஸ் ஏறிப் போறேன்னு உங்க அண்ணன் கேக்கறாரு.

— அவருக்குத் தெரிஞ்ச தாளமெல்லாம் குறட்டைதான்… சரி, எண்ணிக் காட்டுங்க.

— எனக்கே பாடமா? ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ரெண்டு ரெண்டு மூணு நாலு. மூணு ரெண்டு மூணு நாலு… முதல் எண்ணு எந்தக் கட்டத்துல நிக்கறோம்னு சொல்லிடும்.

— நேத்து ஒத்திகைல அது சொல்லலையாக்கும்.

— அந்தச் சின்னக் கட்டத்துல மூணு எண்ணிக்கைதான். நான் பாட்டுக்கு நாலு எண்ணித் தொலைச்சேன்.

— எல்லாரும் அடங்கினப்புறம் நம்ம அடி விழுந்துச்சு. பந்தி முடிஞ்சு கை கழுவினப்புறம் வந்த விருந்தாளி மாதிரி.

— சிரி, சிரி. நீ மட்டும் நேரத்துக்கா தட்டின?

— நானும் உங்ககூடத்தான் பிந்தினேன்… முன்னால நின்னு குழுவ நடத்துற வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?

— இல்லாம? இன்னைக்கும் பிந்தினா, இனிமே நமக்குப் பதிலா அந்த அடியப் பதிஞ்சு வச்சு ஒலிபெருக்கில விட்டுடுவாராம். நாம வீட்டுல சட்டி பானையத் தட்டிக்கலாம்.

— ரெண்டு பேருமா ஒரே வீட்டுலயா? அண்ணன் பாவம்.

— வாய மூடு. விளக்கு அணையுது. எண்ணு.

— நீங்களும். மூணை மறந்துடாதீங்க…

…

— அண்ணி.

— ம்.

— கச்சேரியே முடிஞ்சுபோச்சு. தட்டை உறைக்குள்ள போட மனசே வரல.

— எனக்கு மட்டும் என்னவாம்… வயலின்காரங்க நரம்புலேருந்து வில்லை எடுத்த அதே மூச்சுல நம்ம அடி விழுந்துச்சு. நடுவுல ஒரு முடி நுழைய இடமில்ல.

— அப்புறம் அந்த அமைதி… யாரும் இருமக்கூட இல்ல. முன்வரிசைல ஒரு குழந்தை அழுதுட்டு இருந்துச்சே, அதுகூட நிறுத்திட்டு அண்ணாந்து பாத்துச்சு.

— வாத்தியார் கைய இறக்கவே இல்ல, கவனிச்சியா? சாமி வந்தவர் மாதிரி நின்னுட்டார். இப்ப அந்த ஒலிபெருக்கியே வேண்டாம், தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாராம்.

— அண்ணி… அந்தச் சின்னக் கட்டத்த எப்படித் தாண்டுனீங்க?

— நீ எப்படித் தாண்டின?

— நான்தானே முதல்ல கேட்டேன்.

— பெரியவ கேக்கறேன். சொல்லு.

— திட்டக் கூடாது.

— திட்டறதா வேண்டாமான்னு கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்.

— பதினோராவது கட்டத்துலயே விட்டுட்டேன். அந்தப் புல்லாங்குழல் அப்படி இழைஞ்சுச்சு… வாயப் பொளந்து கேட்டுட்டே இருந்துட்டேன். எண்ணெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

— அடிப்பாவி. அப்புறம் எப்படித்தான் தட்டின?

— எப்பவும் போலத்தான். உங்க தோளையே பாத்துட்டு இருந்தேன். நீங்க கோலைத் தூக்கினீங்க, நானும் தட்டைத் தூக்கினேன். இத்தனை வருஷமா என் கணக்கு அதுதான் அண்ணி. நீங்க எண்ணுவீங்கங்கற தைரியம்… கோவமா?

— கோவமில்லடி. அதே புல்லாங்குழல்… எனக்கு எட்டாவது கட்டத்துலயே எண்ணு போயிடுச்சு. நீ தட்டைத் தூக்கினதப் பாத்துத்தான் நான் கோலைத் தூக்கினேன்.

அந்தக் கைகளை எது தூக்கியதோ, அது உங்கள் வீட்டிலும் குடியிருக்கட்டும் கண்ணுகளா. கணக்குத் தப்பிப்போகும் நாளிலும், உங்கள் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக் கை தூக்கிப் பிழைத்துக்கொள்ளட்டும்.