பதினொரு உப்புக்கல்

— அந்த ஸ்குரூடிரைவரை இப்படிக் கொடும்மா மார்ஷா. உக்காந்தே கொடு, எந்திரிக்க வேணாம்.

— இந்த லேசரை இன்னைக்கே பிரிக்கணுமா டெல்பெர்ட்?

— குளுர வைக்கிற ஹீலியம் தீந்துபோச்சு. இனிமே வாங்கித் தர மாட்டேன்னு புரொபசரும் சொல்லியாச்சு. வெறும் பாத்திரத்தை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்? நீ அந்த டோனட்டையாவது தின்னு. காலையிலேருந்து காப்பியிலயே ஓட்டிட்டிருக்கே.

— உங்கமேல எனக்குக் கோவமில்ல. புரொபசருக்குக் கொடுத்த ரிப்போர்ட்ல உள்ளதைத்தான் எழுதினேன். மார்ச்சு வரைக்கும் உங்க படிகம் லேசர் அடிச்சுது. அதுக்கப்புறம் பதினொண்ணு வளத்துக் கொடுத்தீங்க. ஒண்ணுலகூட வெளிச்சம் வரல.

— படிகம் கிடிகம்னு பெரிய பேரெல்லாம் எதுக்கு. உப்புக்கல்லு. அதுல ஒரு சிட்டிகை சயனைடு. நான் உருக்கி வளக்குறது அவ்ளோதான்.

— அந்தச் சயனைடு உள்ள கிடந்து துடிச்சாத்தானே வெளிச்சம். என் ஆறு வருசப் படிப்பு போச்சு. உங்களுக்கு வேலையே போகப் போகுது. கொஞ்சமாவது கவலைப்படுங்களேன்.

— பட்டுப் பட்டு அலுத்துப்போச்சும்மா. ஆமா, இந்த ஜன்னலை யாரு மாட்டினா?

— எந்த ஜன்னல்?

— வெளிச்சம் வெளிய வர்ற இந்த வட்டச் சில்லு.

— நான்தான். மார்ச்சுல பழசு விரிசல் விட்டுச்சு. டிராயர்ல அதே அளவுல ஒண்ணு கிடந்துது, எடுத்து மாட்டினேன். ஏன்?

— ஓரத்தைப் பாரு. பச்சை அடிக்குதா?

— லேசா.

— நாம எப்பவும் மாட்டுற ஃப்ளூரைடு சில்லுல பச்சை ஏது? இது சாதாக் கண்ணாடி.

— இருக்காது டெல்பெர்ட்.

— அகச்சிவப்பு அளக்குற அந்த மீட்டரைப் போடு. சூடான சால்டரிங் கம்பியை முன்னாடி காட்டுறேன். முள்ளு ஏறுதா?

— ஏறுது.

— இப்ப நடுவுல சில்லைப் பிடிக்கிறேன்.

— விழுந்துடுச்சு. அப்படியே விழுந்துடுச்சு.

— நம்ம லேசர் அடிக்கிறதும் அகச்சிவப்புதான், அதைக் கண்ணாடி முழுங்கிடும்னு நீதானேம்மா எனக்குச் சொன்னே.

— அப்ப பதினொண்ணும்...

— அடிச்சிருக்கும். வெளிய விடாம நாமதான் அடைச்சு வச்சிருக்கோம்.

— நான் போய் அந்த ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்துடறேன். தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன்.

— உக்காரு. அவரு படிச்சாச்சு. மத்தியானமே என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என் கை முன்ன மாதிரி இல்ல, அதான் உப்பு கெட்டுப்போகுது, நான் வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். அவரு ஒண்ணும் வற்புறுத்தல. நானே அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்.