304 போதும் என்றார் மச்சான்

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று பலரும் நம்புகிறார்கள், ஐயா. பிடிக்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பம்பு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. உலோகத் துண்டுகளைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, உப்பு நீரைப் புகையாக அடித்து, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று எழுதி வைப்பேன். வீட்டில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் மனைவியின் அண்ணன் கடலோரத்தில் மாடி வீடு கட்டியபோது நானாகவே போய்ச் சொன்னேன். "பால்கனிக் கம்பிக்கு 316 ரக எவர்சில்வர் போடுங்க மச்சான். அதுல மாலிப்டினம் சேர்ந்திருக்கு. உப்புக் காத்துக்கு அதுதான் நிக்கும்."

எல்லார் முன்னாலும் சிரித்தார். "304 போதும்னு கடைக்காரரே சொல்லிட்டார். மாப்பிள்ளைக்கு எதைப் பாத்தாலும் துருதான் தெரியும்."

எனக்குக் கோபம் வரவில்லை. சோதிக்காமல் வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை.

ஞாயிறுதோறும் அவர் வீட்டுப் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஏற்றேன். தங்கமான மாப்பிள்ளை என்று பெயர் கிடைத்தது. ஒரு கையில் பூவாளி, மறு கையில் உப்பு நீர்ப் புட்டி. எட்டு மாதத்தில் வெல்டிங் ஓரங்களில் டீக்கறை போல ஒரு நிறம் வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, 304 நல்ல சரக்கு. ஆனால் எனக்கும் வயதாகிறதே. கழிப்பறை கழுவும் ஆசிடுக்கு மாறினேன். கம்பத்தின் அடியில், மூடித்தட்டு மறைத்திருக்கும் இடத்தில், வாரம் ஒரு மூடி.

மேலே தெரிந்த கறையைப் பறவை எச்சம் என்று மச்சான் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்தநாளுக்கு இரும்புக் கம்பி பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை வைத்துத் தேய்த்தால் துரு இன்னும் சீக்கிரம் பரவும். மனம் குளிர்ந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

போன மாதம் அவருடைய பணி ஓய்வு விருந்து. பால்கனியில் குடும்பப் படம் எடுக்க கேமராவை என்னிடம் கொடுத்தார்கள்.

"மச்சான், கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நில்லுங்க. நல்லா சாஞ்சுக்கோங்க."

சாய்ந்தார். மச்சான் என்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கம்பி விட்டுக்கொடுத்தது. கீழே புதர் இருந்ததால் தொடை எலும்பு மட்டும் இரண்டாகிவிட்டது. படம் தெளிவாக வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டேன். "உள்ள வைக்கிற பிளேட் எந்த ரகம் டாக்டர்?"

"316. ஏன் கேக்கறீங்க?"

மச்சான் மயக்கம் தெளியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து அந்த எண்ணை அவர் காதில் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

நேற்று என் மனைவி படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "என்னை மட்டும் ஏன் இடது கோடில நிக்கச் சொன்னீங்க?"

உண்மையைச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் வேண்டும் அல்லவா? இடது பக்கக் கம்பங்களுக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்றியிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று இரண்டு வருடம் முன்பே யோசித்து வைத்தவன் நான்.

இவ்வளவு பாசம் வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல், உடனே உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிட்டாள்.