நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நாத்தனார்: …அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி. மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்துங்க.

அண்ணி: நிறுத்தினா இந்த பேன்ட்டை யாரு மடிச்சுத் தைக்கிறது? அஞ்சு மணிக்கு வந்து நிப்பான் அந்த ஆளு. நீ பேசு, காது சும்மாதானே இருக்கு.

நாத்தனார்: என் புத்தகத்துக்கு யாரோ விமர்சனம் போட்டிருக்காங்க.

அண்ணி: அடி சக்கை! எழுத்தாளரம்மாவுக்கு விமர்சனமெல்லாம் வருதா? அப்புறம் ஏன் மூஞ்சி தொங்குது?

நாத்தனார்: ஒரே ஒரு ஸ்டார்.

அண்ணி: ஒண்ணாவது குடுத்தாங்களே.

நாத்தனார்: விளையாடாதீங்க. மூணு பதிப்பகத்துக்கு அனுப்பிப் பதிலே வராம, மருந்துக்கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம் உக்காந்து நானே டைப் பண்ணி, நானே அட்டை போட்டு, நானே இணையத்துல ஏத்தி, கேக்கறவங்களுக்கு மட்டும் அச்சடிச்சு அனுப்பற முதல் புத்தகம். வித்தது இருபத்திமூணு. விமர்சனம்னு வந்தது இது ஒண்ணுதான்.

அண்ணி: சரி… என்னதான் எழுதியிருக்கு?

நாத்தனார்: உங்களுக்குத் தெரியாதா?

அண்ணி: எனக்கு எப்படித் தெரியும்?

நாத்தனார்: இல்ல… சும்மா கேட்டேன். படிக்கிறேன், கேளுங்க. போட்டவர் பேரு 'உண்மை விளம்பி'யாம்.

அண்ணி: நல்ல பேருதான்.

நாத்தனார்: "எழுத்து நல்லா இருக்கு. ஆனா நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பொய். அப்பா சாகுற அன்னைக்கு மகன் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லைன்னு எழுதியிருக்கு. வந்தான். வண்டி நிறுத்துற இடத்துல காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னான்."

அண்ணி: ம்…

நாத்தனார்: 'ம்'னா என்ன அர்த்தம்?

அண்ணி: நூல் அறுந்துடுச்சுன்னு அர்த்தம்.

நாத்தனார்: அண்ணன் எங்க?

அண்ணி: லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருக்காரு. எதாவது பதினாலாவது மாடியில தொங்கிட்டிருப்பாரு. ஏன்?

நாத்தனார்: அவருதானே இதை எழுதினது?

அண்ணி: உங்கண்ணனா! வேலை முடிஞ்ச சீட்டுல கையெழுத்து போடறதோட சரி. அவரு உக்காந்து ஸ்டார் குடுக்கறாராக்கும்.

நாத்தனார்: புத்தகத்தைப் படிச்சாரா, இல்லையா?

அண்ணி: …படிச்சாரு.

நாத்தனார்: போன வாரம் கேட்டப்போ பிரிக்கவே இல்லைன்னீங்க!

அண்ணி: ரெண்டு தடவை படிச்சாரு. படிச்சுட்டு வந்த கவர்லயே திரும்பப் போட்டு வச்சுட்டாரு.

நாத்தனார்: என்ன சொன்னாரு?

அண்ணி: "நல்லா எழுதறா"ன்னாரு. அன்னைக்கு சாப்பிடாம படுத்துட்டாரு.

நாத்தனார்: கதைதானே அண்ணி அது… பேரெல்லாம் மாத்தித்தானே எழுதினேன்.

அண்ணி: பேரை மாத்தின. லிஃப்ட் மெக்கானிக்குங்கறதை மாத்தலையே. அவர்கூட வேலை பாக்கறவங்க ரெண்டு பேர் வாங்கிப் படிச்சிருக்காங்க. "நெஜமாவே போகலையா?"ன்னு கேட்டாங்களாம்.

நாத்தனார்: …இதுல இன்னும் ஒரு வரி இருக்கு. "சாம்பல் கலர் சட்டை. மேலேருந்து ரெண்டாவது பட்டன் இல்ல."

அண்ணி: அதுக்கென்ன?

நாத்தனார்: ஆறு வருஷம் கழிச்சு, தன் சட்டையில எத்தனாவது பட்டன் இல்லைன்னு எந்த ஆம்பளைக்கு ஞாபகம் இருக்கும்? தைக்கிறவங்களுக்குத்தான் இருக்கும்.

அண்ணி: தள்ளு, ஊசியில நூல் கோக்கணும்…

நாத்தனார்: ஊசியில நூல் இருக்கு அண்ணி.

அண்ணி: சரி, நான்தான் போட்டேன். என்ன இப்போ? அவரு வாயைத் தொறக்க மாட்டாரு, எனக்கு வாய் இருக்கு. "என் மூஞ்சியிலயே முழிக்காத"ன்னு உங்கப்பா சொன்ன ஒரு வார்த்தைக்குப் பயந்துக்கிட்டு, யாராவது மேல கூப்பிடுவாங்களான்னு அண்ணாந்து பாத்துட்டே நின்ன மனுஷன்டி அவரு.

நாத்தனார்: என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே! ஊரே பாக்கற இடத்துல போடணுமா?

அண்ணி: நீ எங்க போட்ட?

நாத்தனார்: …நாலு மாசம் அப்பாவைத் தூக்கி உக்கார வச்சு, துடைச்சு விட்டு, தனியாளா பாத்தது நான். அதை எழுத எனக்கு உரிமை இல்லையா?

அண்ணி: இருக்கு. அந்தப் பக்கங்களைப் படிச்சுட்டு நானே அழுதேன். நான் கேக்கறது அந்த ஒரே பக்கத்தை. நீயே போட்ட புத்தகம், யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம். திருத்தி ஏத்திட முடியாதா?

நாத்தனார்: முடியும்… பத்து நிமிஷ வேலைதான்…

அண்ணி: அப்புறம் என்ன இழுக்கற?

நாத்தனார்: ஒண்ணுமில்ல. நான் கிளம்பறேன், கடையைத் திறக்கணும்.

அண்ணி: உக்காரு. எனக்கு ஒண்ணு உறுத்துது. வந்ததுலேருந்து "யாரு எழுதினது, யாரு எழுதினது"ன்னு குடையற. "அண்ணன் நெஜமாவே வந்தாரா?"ன்னு ஒரு தடவைகூடக் கேக்கலையே… ஏன்?

நாத்தனார்: கையை விடுங்க அண்ணி, நேரமாச்சு.

அண்ணி: ஏய்… என்னைப் பாரு. உனக்குத் தெரியுமா?

நாத்தனார்: மூணாவது மாடி ஜன்னல்லேருந்து பாத்தேன் அண்ணி. அவரும் என்னைப் பாத்தாரு… நான் திரையை இழுத்து விட்டுட்டேன். அப்பா கண்ணைத் தொறந்து, "பெரியவன் வந்துட்டானா?"ன்னு கேட்டாரு… "இல்லப்பா, வரல"ன்னு நான்தான் சொன்னேன்.