முள்ளம்பன்றி ஒட்டின பிரஷ்

இல்லம்மா, இதுல சுத்தி வளைக்க ஒண்ணுமில்ல. அந்தச் சம்மத ஃபாரத்துல ஷோனான்னு கையெழுத்துப் போட்டது நான்தான். பிள்ளையோட அம்மா போடல. எழுதிக்கோங்க. பிஸ்கட்டா? டீயில நல்லா ஊறினாத்தான் எனக்கு இறங்கும், அப்பறமா எடுத்துக்கறேன். நீங்க சாப்பிடுங்க, கவுன்சில்லேருந்து மழையில வந்திருக்கீங்க.

ஏன் போட்டேன்னா? அதத்தான் எங்க நர்சரி ஹெட்டும் காலையிலேருந்து கேக்கறா. பதினேழு வருஷம் இந்த நர்சரியில இருக்கேன். டண்டீயில இந்த மேட்டுத் தெருவுல பாதிப் பேருக்கு நான் மூக்கு தொடச்சு விட்டிருக்கேன். இதுவரைக்கும் இந்த நெட்டா என்ன செஞ்சா, ஏன் செஞ்சான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. ஒரு பிள்ளைக்குப் பல்லு விளக்க பிரஷ்ஷு குடுத்ததும் விசாரணை.

சட்டம் எனக்கும் தெரியும்மா, உங்க ஆளுங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. தினம் பல்லு விளக்க பிள்ளைங்கள மேசையைச் சுத்தி உக்காத்தணும். ஆளுக்கொரு பிரஷ், அடையாளத்துக்கு அதுல ஒட்ட ஆளுக்கொரு படம். பட்டாணி அளவு பேஸ்ட்டு. துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது. கீழ விழுந்த பிரஷ்ஷு குப்பைக்கு. ஃபாரம் வராத பிள்ளைக்கு பிரஷ்ஷே கிடையாது.

அப்பிடி ஃபாரம் வராத பிள்ளை எங்க வகுப்புல ஒண்ணே ஒண்ணுதான், மிரன். நாலு வயசு. மத்ததுங்க பல்லு விளக்கறப்ப அவளை நான் புத்தக மூலைக்குக் கூட்டிட்டுப் போகணும். கதை படிச்சா கேக்கவே மாட்டா. மேசையையே பாத்துக்கிட்டு ஆள்காட்டி விரலால தேப்பா. மேல, கீழ, உள்பக்கம், எல்லாம் முறையா. தேச்சு முடிச்சு சட்டைக் கையில துப்புவா. துப்பறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. இத தினம் பாக்கணும், அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கேக்காம இருப்பேனா? மூணு ஃபாரம் அனுப்பினேன். மூணாவதை அவ அம்மா ஷோனா நர்சரி கேட்டுல வெச்சே என் கையில திணிச்சா. பிள்ளை வளக்கத் தெரியாதவங்கன்னு எழுதி எழுதி அனுப்பறீங்களான்னா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது. அவ மூத்தவன் ரோரிக்கு அஞ்சு வயசுல ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்து ஒம்போது சொத்தைப் பல்லு எடுத்தாங்க. அன்னிக்கு அங்க இருந்தவங்க அவளப் பாத்த பார்வை இருக்கே, அதுலேருந்து பல்லுன்னு யாரு வாயத் தொறந்தாலும் சண்டைதான். அவமானம் புடிச்சு ஆட்டுது. அதுக்கு இந்தச் சின்னது வாயி பலி.

அந்தக் கையெழுத்த பிப்ரவரியிலதான் போட்டேன். பிரஷ்ஷு வெக்கற தட்டுல கடைசிக் குழி காலியா இருந்துச்சு, அவளுக்கு ஒரு பிரஷ்ஷு வெச்சு முள்ளம்பன்றிப் படத்த ஒட்டினேன். மூணு மாசம் விளக்கினா. நல்லா விளக்கினா. போன ஞாயித்துக்கிழமை வீட்டுல, என் முள்ளம்பன்றி பிரஷ்ஷு எங்கன்னு கேட்டிருக்கா. அவ்வளவுதான், திங்கக்கிழமை ஷோனா கேட்டுல நின்னு தெருவே கேக்கக் கத்தினா.

பிரஷ்ஷா? அத இன்னிக்குக் காலையில ஹெட்டு குப்பையில போட்டாச்சு. படத்தையும் சுரண்டியாச்சு. மிரன் மறுபடி புத்தக மூலையில உக்காந்து விரலால தேச்சா. கூட்டிட்டுப் போன ஆளும் நான்தான்.

வேலைய எடுத்துக்கோங்கம்மா, எனக்கும் அறுபத்தி மூணு ஆச்சு. ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஷோனா வீட்டுக்கு நீங்க ஒரு தடவை போங்க. ஃபாரத்தத் தூக்கிட்டுப் போகாதீங்க. உக்காந்து ரோரி எப்பிடி இருக்கான்னு கேளுங்க. அத இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல, நானும் கேக்கல. கேட்டிருந்தா அவளே போட்டிருப்பாளோ என்னமோ.

கையெழுத்து எங்க போடணும், இங்கயா? பேனா குடுங்க. இந்தத் தடவை என் பேருதான்.

என்ன, இன்னும் அந்த ஏன்தானா? வந்ததும் என் பல்லு வரிசை அழகுன்னு சொன்னீங்கல்ல. என் வீட்டுக்காரர் ஆர்ச்சியக் கட்டிக்கறதுக்கு முன்னாடி வந்தது இது, பத்தொம்போது வயசுல. எனக்கு ஒரே ஒரு கடைவாய்ப்பல்லுதான் சொத்தை. அப்பல்லாம் ஸ்காட்லாந்துல எங்க பக்கம் பொண்ணுக்கு அதுதான் கல்யாணச் சீரு. எல்லாத்தையும் புடுங்கி, பொய்ப்பல்லு கட்டி அனுப்பிடறது. கட்டிக்கறவனுக்குப் பின்னால செலவு வெக்கக் கூடாதுல்ல. நான் மாட்டேன்னுதான் அழுதேன். அன்னிக்கும் ஒரு ஃபாரம் இருந்துச்சும்மா. எங்கப்பா போட்டாரு. அது அவரு கையெழுத்துதான், எல்லாம் சட்டப்படிதான். அதனால ஏன்னு கேட்டு ஒருத்தரும் வரல.